டிரைவர் தேவை, அவசரம்

ஜூலை 7, திங்கள்

மகள் ஜெமிமா ஹைதராபாத்திலிருந்து அனுப்பிய கேமரா இன்று வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு உருண்டை. மைக்கும் அதற்குள்ளேயே இருக்கிறதாம். கூடவே ஒரு கையேடு, உலகத்து மொழிகளில் பாதியில் அச்சடித்தது. தமிழ் மற்ற பாதியில் போய்விட்டது.

என் மனைவி ஞானப்பூவுக்குப் பக்கவாதம் வந்து நான்கு மாதம் ஆகிறது. கையும் காலும் ஓரளவு திரும்பிவிட்டன. பேச்சுதான் திரும்பவில்லை. எல்லாம் புரிகிறது, சொல்ல வேண்டியது மனதில் இருக்கிறது, வாய்க்கு வரும் வழியில் தொலைந்துபோகிறது. 'ஆமா', 'வேண்டாம்', 'அது' என்ற மூன்று சொல்லை வைத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் குடித்தனம் நடத்துகிறாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து, ஊர் முழுவதையும் ஒருவரோடு ஒருவர் பேச வைத்தவள்.

சென்னையில் ஒரு பேச்சுப் பயிற்சி மையம் வெள்ளிக்கிழமைதோறும் கம்ப்யூட்டர் வழியாகப் பயிற்சி கொடுக்கிறது. வானதி என்ற பெண் திரையில் படம் காட்டுவார், இவள் பெயர் சொல்ல வேண்டும். போன மாதம் கம்ப்யூட்டரின் பழைய கேமரா கண்ணை மூடிவிட்டது. போனில் செய்து பார்த்தோம். வலது பக்கம் இருப்பது இப்போது இவள் கண்ணில் சரியாகப் படுவதில்லை. அந்தச் சின்னப் படங்களை உற்றுப் பார்த்துக் களைத்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

18ஆம் தேதி மதிப்பீடு. முன்னேற்றம் தெரிந்தால் பயிற்சி தொடரும். தெரியாவிட்டால், காத்திருக்கும் வேறொருவருக்கு இந்த இடம் போகும். வானதி இதை மிகவும் நயமாகத்தான் சொன்னார்.

இன்னொரு நல்ல காரியமும் செய்தேன். கம்ப்யூட்டர் ஒரு சுவரோரம், ஞானப்பூவின் நாற்காலி எதிர்ப்பக்கச் சன்னலோரம். அவளை நடக்க வைப்பானேன் என்று, கேமராவை அவள் பக்கத்து ஸ்டூல் வரை கொண்டுவர நீளமான ஒரு இணைப்பு வயர் வாங்கிப் பூட்டினேன். திரையையும் அவள் பக்கம் திருப்பி வைத்தேன். ராணி மாதிரி இருந்த இடத்தில் இருந்தே பயிற்சி செய்யலாம்.

செருகியதும் திரையில் ஒரு வரி: 'சாதனம் அடையாளம் காணப்படவில்லை.'

பயப்பட ஒன்றுமில்லை. வகுப்பில் புதுப் பையன் ஒருவன் வந்து உட்கார்ந்திருப்பான், பதிவேட்டில் இன்னும் பெயர் ஏறியிருக்காது. அது போலத்தான். முப்பத்தைந்து வருடம் பூகோளம் நடத்தியவனுக்கு இது ஒரு பெரிய காரியமா?

ஜூலை 8, செவ்வாய்

பெரிய காரியம்தான்.

ஜூலை 9, புதன்

ஓய்வுபெற்ற புதிதில், தமிழ்ப் பற்று மிகுந்து, கம்ப்யூட்டரை முழுக்கத் தமிழுக்கு மாற்றியிருந்தேன். அதற்கான பலன் இன்று கிடைத்தது.

ஜெமிமா போனில் வழி சொன்னாள். முதலில் டிவைஸ் மேனேஜரைத் திறக்கச் சொன்னாள். என் கம்ப்யூட்டரில் அப்படி யாரும் வேலை பார்க்கவில்லை என்றேன். 'சாதன நிர்வாகி' என்று ஒருவர் இருக்கிறார், அவர் வேண்டுமா என்று கேட்டேன். இருவரும் ஒருவரே என்று கண்டுபிடிப்பதற்குள் அவளுடைய மதிய உணவு இடைவேளை முடிந்துவிட்டது.

சாயங்காலம் மறுபடி அழைத்தாள்.

"அப்பா, இப்ப ப்ராப்பர்ட்டீஸ் பாருங்க."

"இருக்கிறது இந்த வீடு ஒண்ணுதானம்மா. அதுவும் உனக்குத்தான்."

அந்தப் பக்கம் அழுகிறாளோ சிரிக்கிறாளோ, மூக்கை உறிஞ்சும் ஒலி. 'பண்புகள்' என்று ஒன்று இருந்ததே, அதைத்தான் கேட்டாளாம்.

பண்புகளைத் திறந்தோம். 'அறியப்படாத சாதனம்' என்று எழுதி, பக்கத்தில் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக்குறியும் போட்டிருந்தது. இதைத்தான் முந்தாநாளே தெரிந்துகொண்டோமே.

நான் இந்தப் பாடு படும்போது ஞானப்பூ எதிர்ச் சுவரைக் காட்டி "அது... அது..." என்றாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். என்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டுக் குடித்தாள். கேட்காமலே கொடுக்கும் கணவன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஜூலை 10, வியாழன்

கேமரா கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தேன். நீண்ட இசைக் கச்சேரிக்குப் பிறகு ஒரு பையன் பேசினான். விவரம் முழுவதும் கேட்டுவிட்டு, "டிரைவர் ப்ராப்ளம் சார், சரியான டிரைவர் போட்டாதான் எடுக்கும்" என்றான். எங்கே கிடைக்கும் என்று கேட்பதற்குள் கச்சேரி மறுபடி தொடங்கிவிட்டது.

டிரைவர் என்றால் என்ன என்று ஜெமிமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஞானப்பூவுக்கும் விளக்கினேன். எதையும் ஓர் உதாரணத்தோடு சொன்னால்தான் நிற்கும். "கேமரா பேசுறது கம்ப்யூட்டருக்குப் புரியாது ஞானம். நடுவுல ஒருத்தன் இருந்து எடுத்துச் சொல்லணும். அவன்தான் டிரைவர். உனக்கும் வானதிக்கும் நடுவுல நான் இருக்கேன்லா, அது மாதிரி."

அவள் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். நன்றாகப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

ஜூலை 11, வெள்ளி

வேறு வழியில்லாமல் பயிற்சி இன்றும் போனில். வானதி பூனைப் படம் காட்டினார். நான் போனை ஞானப்பூவின் இடது பக்கமாகப் பிடித்துக்கொண்டு, "பூ..." என்று எடுத்துக் கொடுத்தேன். பதில் இல்லை. "பூனை" என்று நானே முடித்தேன். அடுத்தது குடை. "கு..." என்றேன்.

வானதி, "சார், அம்மாவுக்குக் கொஞ்சம் இடம் விடுங்க" என்றார்.

நியாயம்தான், மிகவும் நெருங்கி உட்கார்ந்திருந்தேன். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டேன். எட்டவில்லையாதலால் கையை நீட்டிப் போனைப் பிடிக்க வேண்டியிருந்தது. தோள்பட்டை இன்னும் வலிக்கிறது.

ஐந்து படம் முடிவதற்குள் ஞானப்பூ தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வெள்ளிக்குள் கேமரா வேலை செய்தாக வேண்டும். எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஜூலை 12, சனி

டிரைவர் வேட்டை. ஜெமிமா இணையத்தில் ஏதோ ஓர் இடத்திலிருந்து இறக்கிக்கொள்ளச் சொன்னாள். இறக்கினேன். கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய கம்ப்யூட்டருக்குப் பழைய டிரைவர் வேண்டுமாம்.

ஞானப்பூ "அது... அது..." என்றாள். தண்ணீர் கொடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. பாஸ்டர் கேட்டால், அறியப்படாத ஒன்றை அறியும் முயற்சியில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

எங்கள் காலனியில் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் நிறையப் பேர். குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் என்ன என்று தோன்றியது. எழுதினேன்: 'அவசரம். டிரைவர் தேவை. இருந்த டிரைவர் ஒத்துவரவில்லை. தெரிந்தவர்கள் உதவவும். - செல்லத்துரை.' எதையும் சுருக்கமாக எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் அல்லவா.

சிறிது நேரத்தில் பதில்கள் வரத் தொடங்கின. புது டிரைவரா பழைய டிரைவரா, எப்படி வேண்டும் என்று இரண்டாவது தெரு பாக்கியம் டீச்சர் கேட்டார். பழையதுதான் ஒத்துவரும் என்றேன். நீண்ட நேரம் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் ஒருவர். 'குடிக்காத டிரைவராகப் பார்த்து எடுங்கள், நான் பட்டிருக்கிறேன்' என்று இன்னொருவர். கரண்ட் குடிப்பதைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நன்றி தெரிவித்தேன். செயலாளர் சங்கரபாண்டியன், 'கவலை வேண்டாம் சார், நாளைக்கே அனுப்பி வைக்கிறேன்' என்று போட்டிருந்தார். எவ்வளவு ஒத்தாசையான மனிதர்கள்.

ஜூலை 14, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில் நுழைந்து, பின்பக்க இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு கையிலும் வயர். டார்ச்சை வாயில் கவ்வியிருந்தேன். அழைப்பு மணி அடித்தது. கதவு திறந்துதான் இருந்தது. யாரோ உள்ளே வந்து செருப்பைக் கழற்றும் சத்தம்.

"அம்மா, சார் டிரைவர் கேட்டிருந்தாவளாம். செக்ரட்டரி அனுப்பிவிட்டாவ. எம்பேரு இசக்கிமுத்து."

என்ன நடந்திருக்கிறது என்று புரிந்தது. மேசைக்கு அடியில் இருந்து 'ம்ம்' என்று ஒரு சத்தம் கொடுத்தேன். டார்ச்சோடு அவ்வளவுதான் முடிந்தது. அவர் காதில் விழவில்லை.

"ஷெட்டுல கவர் போட்டு நிக்க வண்டிதான? எங்கம்மா போவணும்?"

யார் எது கேட்டாலும் பதில் சொல்வது நான்தான். கறிகாய்க்காரருக்கும் நான்தான், டாக்டருக்கும் நான்தான். இன்று முடியவில்லை. அந்த மனிதரோ அவசரமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். மின்விசிறியின் சத்தம் மட்டும் கேட்டது.

"உவரி" என்றாள் ஞானப்பூ.

மேசை விளிம்பில் என் தலை மோதியது. டார்ச் கீழே விழுந்து உருண்டது.

வெளியே வந்து இசக்கிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டு, இது கம்ப்யூட்டருக்குள் போடும் டிரைவர் என்று, கேமரா ஒரு மொழி பேசுகிறது என்று தொடங்கி முழு உதாரணத்தையும் சொன்னேன். ஐம்பதைத் தாண்டியவர், பொறுமையாகக் கேட்டார். "அப்ப நான் அந்தப் பொட்டிக்குள்ள ஏறி உக்காரணுமா சார்?" என்றார். ஞானப்பூ சிரித்தாள். வாய்விட்டு.

அவள் எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். வெள்ளிக்கிழமை வரை பயிற்சி இருக்கிறது, அது முடியட்டும், பிறகு கட்டாயம் போகலாம் என்று இருவருக்கும் எடுத்துச் சொன்னேன். இசக்கிமுத்து போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் செருப்பைக் கழற்றி, இருந்த இடத்தில் வைத்தாள்.

கிடைத்த சொல் நழுவிவிடக் கூடாது அல்லவா. உடனே அவளை உட்கார வைத்து, "சொல்லு ஞானம். உ... உவ..." என்று பயிற்சி கொடுத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

உவரியும் வரவில்லை. டிரைவரும் வரவில்லை.

ஜூலை 16, புதன்

வானதியை அழைத்து நல்ல செய்தியைச் சொன்னேன். மூன்று எழுத்துச் சொல், ஒரு கடற்கரை ஊரின் பெயர், ஞானப்பூவின் அம்மா பிறந்த ஊர், தெளிவாகச் சொன்னாள் என்றேன். அவர் விவரமாக விசாரித்தார். யார் கேட்டது, எப்படிக் கேட்டார், பிறகு எவ்வளவு நேரம் காத்திருந்தார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"அப்ப நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க சார்?"

"டார்ச்சை வாயில கவ்விக்கிட்டிருந்தேன்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சார், வெள்ளிக்கிழமையும் கவ்விக்கிடுங்களேன்."

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு 'இடம் விடுங்க' என்றது நாற்காலியைப் பற்றி அல்லவாம்.

போனை வைத்ததும் பள்ளிக்கூட நினைவு வந்தது. கேள்வித்தாளில் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று இருக்கும். பிள்ளை பேனாவை எடுப்பதற்குள் ஆசிரியரே ஓடிப்போய் எல்லாக் கோட்டையும் நிரப்பிவிட்டு, பக்கத்தில் நின்று தட்டிக்கொடுத்தால் எப்படி இருக்கும்? உதாரணம் சொல்வதில் நான் கெட்டிக்காரன். யாரைப் பற்றியது என்பதுதான் சில சமயம் தாமதமாகத் தெரிகிறது.

இசக்கிமுத்துவை அழைத்தேன். நாளைக்கு ஓய்வாக இருக்கிறாராம்.

ஜூலை 17, வியாழன்

உவரி போய் வந்தோம்.

கண் அறுவைக்குப் பிறகு நான் ஓட்டாத கார். இசக்கிமுத்து எதையோ தட்டிச் சமாதானப்படுத்திக் கிளப்பினார். கால் நீட்ட வசதியாக ஞானப்பூ முன்னால். நான் பின்னால். வாழ்நாளில் முதல்முறையாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் வகுப்பு வேறு மாதிரிதான் இருக்கிறது.

இசக்கிமுத்து அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தார். நடுநடுவே அவளிடம் ஏதாவது கேட்பார். பதில் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி, அவருக்கு ஓட்ட ஒரு சாலை இருந்தது. நான்குநேரி தாண்டியதும் அவள் "பனை" என்றாள். "ஆமாம்மா, இந்தப் பக்கம் பூரா பனைதான்" என்றார். எனக்கு அந்த மண்ணைப் பற்றியும் பனையைப் பற்றியும் சொல்ல நிறைய இருந்தது. சன்னலுக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

திசையன்விளையில் நிறுத்தி, "அம்மாவுக்கு டீயா காப்பியா?" என்று கேட்டார். அவள் டீதான் குடிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து டீதான். வாயைத் திறந்துவிட்டேன், நல்லவேளை சத்தம் வரவில்லை.

"காப்பி" என்றாள்.

சொல் மாறி விழுந்ததா, காப்பியேதான் வேண்டியிருந்ததா தெரியவில்லை. முழுவதையும் குடித்தாள்.

கடலில் கணுக்கால் நனைய நின்றாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன். ஓதம் ஏறி இறங்குவதற்குச் சந்திரன் எப்படிக் காரணம் என்பது என் தொண்டை வரை வந்து நின்றது. நல்ல காற்று.

வீடு திரும்பியதும்தான் விஷயம். அவள் தன் நாற்காலிக்குப் போகவில்லை. ஸ்டூலில் இருந்த கேமராவை எடுத்தாள். நான் வாங்கிய நீள வயரில் இருந்து அதைப் பிடுங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலைக் கடந்து கம்ப்யூட்டரிடம் போய், குனிந்து பார்க்காமலே, விரலால் தடவித் துளையைக் கண்டுபிடித்து நேராகச் செருகினாள். எக்ஸ்சேஞ்சில் அத்தனை வருடம் வயர் செருகிய கை.

'சாதனம் தயாராக உள்ளது' என்றது திரை.

ஜெமிமாவைக் கேட்டதற்கு, வயர் ரொம்ப நீளமாக இருந்தால் அப்படித்தான் ஆகும், நீள வயர் போட்டிருப்பதை நீங்கள் ஏன் சொல்லவே இல்லை என்று என்னைத் திருப்பிக் கேட்டாள். நீ கேட்கவில்லையே என்றேன். கேமராவில் கோளாறு இல்லை. டிரைவரிலும் இல்லை. அவள் நடக்க வேண்டாமே என்று நான் வாங்கிப் பூட்டிய உதவியில்தான் கோளாறு.

"அது... அது..." என்று அவள் காட்டிக்கொண்டிருந்தது அந்த வயரைத்தான். பாவம், எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறாள்.

ஜூலை 18, வெள்ளி

மதிப்பீடு முடிந்தது.

அவளே நடந்துபோய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். நான் கேமராவில் விழாதபடி ஓரமாக உட்கார்ந்தேன். டார்ச் கவ்வினால் மரியாதையாக இருக்காது என்று ஒரு இருமல் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டேன். மிட்டாய் இருக்கும்வரை பேச்சு இல்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டது.

முதலில் பூனை. வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். வரவில்லை. குடை, வரவில்லை. மரம். உதடு குவிந்தது, விரிந்தது, ஒன்றும் வரவில்லை. வானதி அவசரப்படவில்லை, முகத்தில் எதையும் காட்டவும் இல்லை. அந்த இடத்துக்குக் காத்திருக்கும் யாரோ ஒருவர் வீட்டில் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார் என்றெல்லாம் நினைவு ஓடியது.

நான்காவது, சாவி. பெரிய பித்தளைச் சாவி, திரை நிறைய. ஞானப்பூ அதையே பார்த்தாள். நெற்றி சுருங்கியது. எங்கோ அருகில்தான் இருக்கிறது, எனக்குத் தெரியும், நெருங்கிவிட்டாள். மிட்டாய் எப்போது கரைந்தது என்று கவனிக்கவில்லை.

"சா..." என்றேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"நீங்க சும்மா இருங்க."

நான்கு மாதத்தில் முதல் வாக்கியம். எழுவாய், பயனிலை, எல்லாம் அதனதன் இடத்தில். வானதியின் பேனா திரைக்குள்ளே ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. ஞானப்பூ அதோடு விடவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு, "நா... சொல்லுதேன்" என்றாள்.

நான் சும்மா இருந்தேன். இவ்வளவு சந்தோஷமாக வகுப்பில் யாரும் வாயை மூடியிருக்க மாட்டார்கள்.

பயிற்சி தொடரும் என்று வானதி முடிவில் சொன்னார். யாரும் எடுத்துக் கொடுக்காமல், வேண்டிய நேரத்தில், வேண்டிய ஆளிடம், வேண்டிய வாக்கியத்தைச் சொன்னார் என்றுதான் எழுதியிருக்கிறாராம். படங்கள் எல்லாம் மெதுவாக வரும் என்றார். அடுத்த வாரமும் நான் பக்கத்தில் இருக்கலாமா என்று கேட்டேன். அதை அம்மாவிடமே கேளுங்கள் என்றார். கேட்டேன். யோசித்துவிட்டு, "ஆமா" என்றாள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 'நா சொல்லுதேன்' என்றவள், மறுபடி திரையைப் பார்த்து, நேரம் எடுத்துக்கொண்டு, நிதானமாகச் சொல்லவும் செய்தாள். "பூட்டு" என்றாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினேன். வானதி அடுத்த படத்துக்குப் போனார்.

நான் திருத்தவில்லை. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வீடு முழுக்க அமைதியாக நடமாடினேன், இரவுச் சாப்பாட்டிலும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எங்கேயாவது சொல்லாமல் என்னால் தூங்க முடியாது, ஆகவே இங்கே எழுதிவிடுகிறேன்.

சாவி. அது சாவி.